கோஷாவுக்குள் பிறந்த கல்விக்கூடம்: பேகம் ருகையா அம்மையாரின் வாழ்க்கை



மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு, மனைவிக்கு மஹர், விதவைக்குக் கணவர் விட்டுச்சென்றதில் பாகம், நிகாஹுக்கு முன் மணப்பெண்ணின் சம்மதம் ஆகிய இவை யாவும் கி.பி. ஏழாம் நூற்றாண்டிலேயே நமது மார்க்கத்தில் சட்டமாக்கப்பட்டுவிட்டன. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் முழுமையாகக் கிடைத்தது. இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். உரைப்பதில் தவறும் இல்லை. ஆயினும் கிதாபில் உள்ள உரிமை அந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறொரு கணக்கு. அந்தக் கணக்கைச் சமுதாயத்திடம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் ஜமாஅத்தார் முன் வைக்க விரும்புகிறேன். வங்காளத்தில் அவருடைய பெயரை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. நம் பகுதியிலோ அவரை அறிந்தோர் சிலரே.

பேகம் ருகையா 1880ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் உள்ள பாயிராபந்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமகளார் ஒருவரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. வங்காளிகளின் நாவில் அது ரொக்கேயா என ஒலிக்கும். தந்தையார் ஜஹீருத்தீன் முஹம்மது அபூ அலீ ஹைதர் ஸாபிர் பெரும் ஜமீன்தார். அரபி, ஃபார்ஸி மொழிகளில் புலமை பெற்றவர். தாயார் ராஹத்துன்னிஸா. ஆண் பிள்ளைகள் இருவரும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டுப் புனித சேவியர் கல்லூரியில் பயின்றனர். பெண் பிள்ளைகளுக்கோ பொருள் அறியாமல் குர்ஆனை ஓதுவதும், சிறிது உர்தூவும் போதும் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. வங்காள மொழி சாமானியரின் மொழி என்று அந்த வீட்டார் கருதினர். தாம் வாழும் மண்ணின் மொழியில் ஒரு வரி படிப்பதும் அவ்வீட்டுப் பெண்களுக்குக் குற்றமாயிற்று.

அவ்வில்லத்தில் நிலவிய கோஷாமுறை எத்தகையது என்பதைப் பிற்காலத்தில் அம்மையாரே எழுதி வைத்துள்ளார். ஐந்து வயதிலிருந்தே, ஆண்களிடமிருந்து மட்டுமன்றி, வெளியிலிருந்து வரும் பெண்களிடமிருந்தும் அவர் மறைந்துகொள்ள வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றி யாரேனும் ஒரு பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அச்சிறுமி கட்டிலுக்கு அடியிலும், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னும், அடுக்களையிலும் ஓடி ஒளிவாள். ஒருமுறை விருந்தினராக வந்த பெண்கள் தங்கியிருந்த நாள்கள் முழுவதும் மேல்மாடத்து அறையிலேயே ஒளிந்திருந்து, முறையான உணவின்றி வாடினார். முஸ்லிம் பெண் மற்றொரு முஸ்லிம் பெண்ணிடமிருந்து முகம் மறைத்து ஓட வேண்டும் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை. ஐந்து வயதுக் குழந்தை மீது எந்தக் கடமையும் இல்லை என்பது மத்ரஸாவில் முதல் ஆண்டு பயிலும் மாணவரும் அறிந்த சட்டமாகும். ஆயினும் மார்க்கம் கற்ற ஒரு தந்தையின் வீட்டிலேயே, மார்க்கத்தின் பெயரால், மார்க்கத்தில் இல்லாத இந்த வழக்கம் கோலோச்சியது. உலமாக்கள் அதைத் தடுத்ததாகத் தெரியவில்லை. குல கௌரவம் ஷரீஅத்தின் உடையை அணிந்துகொண்டு வந்தபோது, நம்மவர் பலர் அதற்கு ஸலாம் உரைத்து வழிவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

எனினும் இருவர் அச்சிறுமிக்குத் துணையாயினர். மூத்த சகோதரர் இப்ராஹீம் ஸாபிர், வீட்டார் யாவரும் உறங்கிய பின்னர் விளக்கொளியில் தம் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். மூத்த சகோதரி கரீமுன்னிஸா வங்காளம் கற்பித்தார். கரீமுன்னிஸாவின் கதை தனியே எழுதத் தக்கது. தம்பியரின் பாடங்களைக் காதால் கேட்டும், மண்ணில் விரலால் எழுதிப் பார்த்தும் வங்காள எழுத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். அவர் வங்காள நூல் படிப்பதைச் சுற்றத்தார் பழித்தனர், படிப்பு நிறுத்தப்பட்டது, விரைவிலேயே திருமணம் முடித்து வைக்கப்பட்டது. இளமையிலேயே விதவையான அவர், தம் ஆண் மக்கள் இருவரையும் உயர்கல்வி பெறச் செய்தார். பின்னாளில் வங்காள அரசியலில் பெயர் பெற்ற கஜ்னவி சகோதரர்கள் அவர்களே. தாம் எழுதிய நூல்களில் ஒன்றைத் தமக்கையாருக்கும், மற்றொன்றைத் தமையனாருக்கும் காணிக்கையாக்கி அக்கடனைத் தீர்த்தார் ருகையா.

பதின்ம வயது முடியுமுன்பே அவருக்கு நிகாஹ் நடந்தேறியது. மணமகன் ஸய்யித் ஸகாவத் ஹுசைன், பீஹார் மாநிலம் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர், மனைவியை இழந்தவர், முதல் தாரத்தின் வழியே ஒரு மகள் உடையவர், வயதில் மிக மூத்தவர், தாய்மொழி உர்தூ. இத்தகைய மணத்தில் ஒரு பெண்ணின் படிப்பு அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ மாறானது. இங்கிலாந்து சென்று கற்றுத் திரும்பிய அக்கணவர் மனைவியின் கல்வியை மேலும் வளர்த்தார், எழுதத் தூண்டினார், எழுதியதை வெளியிடச் செய்தார். அது மட்டுமன்று, தம் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாயை முஸ்லிம் பெண்களுக்கான ஒரு பள்ளிக்கூடத்திற்கென ஒதுக்கி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு முந்திய பத்தாயிரம் என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். பெண்ணுரிமை பற்றி எழுதுவோர் இத்தகைய ஆண்களைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றனர். இரவு விளக்கேற்றிய தமையனும், பொருளை ஒதுக்கி வைத்த கணவரும் இல்லையெனில், அப்பெண்மணியின் அறிவு பாயிராபந்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கக் கூடும்.

வங்காள இதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகள் 1904ஆம் ஆண்டு 'மோத்திசூர்' என்னும் பெயரில் நூலாயின. அவற்றுள் ஒன்று, மகளுக்கு மகனில் பாதிப் பங்கு என்னும் வாரிசுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அச்சட்டத்தை அவர் அங்கே எதிர்க்கவில்லை. அந்தப் பாதியேனும் அவளுக்கு வந்து சேர்கிறதா என்று கேட்கிறார். சொத்தைப் பிரிக்கும்போது நினைவுக்கு வரும் அந்தக் கணக்கு, பிள்ளைகளை வளர்க்கும்போது எங்கே போயிற்று என்று வினவுகிறார். மகனுக்கு நான்கு ஆசிரியர்களை அமர்த்திய தந்தை, அதே கணக்கின்படி மகளுக்கு இருவரையாவது அமர்த்தினாரா? அன்பிலும், கவனிப்பிலும், கல்விச் செலவிலும் பாதியேனும் அவளுக்குக் கிடைத்ததா? இருபது வயதைச் சற்றே கடந்த, பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத ஒரு பெண் எழுப்பிய கேள்வி இது. ஃபராயிளு பாடத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்திய எனக்கும் இக்கேள்விக்கு நேரான விடை கிடையாது. பாகப்பிரிவினைக்காக ஜமாஅத்துக்கு வரும் வழக்குகளில், அண்ணன் தம்பியர் சூழ்ந்து நிற்க, தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திடும் சகோதரியின் முகத்தை நிர்வாகிகள் பலமுறை கண்டிருப்பர். அந்த மனமுவப்பைப் பற்றித்தான் அம்மையார் எழுதினார்.

அடுத்த ஆண்டு, அதாவது 1905இல், அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை வெளியாயிற்று. அதனை முதன்முதலில் அச்சேற்றியது நமது சென்னைப் பட்டணம் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும். கமலா சத்தியநாதன் அம்மையார் இங்கே நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் மாத இதழிலேயே அது வந்தது. கணவர் சுற்றுப்பயணம் சென்றிருந்த நாள்களில் பொழுதுபோக்காக எழுதிய கதை அது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க, பெண்கள் நாட்டை ஆளும் ஒரு கற்பனைத் தேசம். அங்குள்ள பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர். மேகத்திலிருந்து நேரே நீரை இறக்கிக்கொள்கின்றனர். வானில் பறக்கும் ஊர்தியில் செல்கின்றனர். இருபத்தொரு வயதுக்கு முன் எப்பெண்ணுக்கும் அங்கே திருமணம் இல்லை. ஊர் திரும்பிய கணவர் கதையை நின்றபடியே படித்து முடித்து, ஆண்களைப் பழி தீர்த்துவிட்டாய் என்னும் கருத்தில் பாராட்டினாராம். 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இக்கதை இடம்பெற்றது.

இல்வாழ்வில் இறைவன் அவரைக் கடுமையாகவே சோதித்தான். பிறந்த இரு பெண் குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. நீரிழிவு நோயால் கண்பார்வை இழந்த கணவருக்குப் பல காலம் பணிவிடை செய்தார். 1909ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் ஸகாவத் ஹுசைன் வஃபாத் ஆனார். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் 'ஸகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி' தொடங்கிற்று. நான்கு மாதம் பத்து நாள் இத்தாவைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது நிறைவுற்று ஒரு மாதம்கூட ஆகியிராத வேளை அது.

ஆனால் பாகல்பூர் அவரை வாழவிடவில்லை. கணவரின் முதல் தாரத்து மகளோடும் மருமகனோடும் சொத்துப் பற்றி எழுந்த பிணக்கினால், வாழ்ந்த வீட்டையும், தொடங்கிய பள்ளியையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர நேர்ந்தது. விதவையின் பங்கைப் பற்றி ஏட்டில் எழுதியவர், அதன் கசப்பைத் தாமே சுவைத்தார். 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், கல்கத்தாவில் வலியுல்லாஹ் சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவியருடன் பள்ளி மறுபடியும் தொடங்கிற்று.

முஸ்லிம் பெண்களுக்கு அவருக்கு முன் எவரும் பள்ளி அமைக்கவில்லை என்று கூறிவிடலாகாது. கொமில்லாவில் நவாப் ஃபைஜுன்னிஸா அம்மையார் 1873ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பள்ளி நிறுவினார். அலீகரில் ஷைக் அப்துல்லாஹ்வும் அவருடைய துணைவியாரும் 1906இல் தொடங்கினர். ருகையா அம்மையாரின் தனிச்சிறப்பு, அதிகாரமோ ஜமீனோ இயக்கமோ பின்னில்லாத ஒரு தனி விதவையாக அதனைச் செய்தார் என்பதாகும். தாம் ஒருநாளும் பள்ளியில் பயிலாதவராதலின், பள்ளி என்பது எவ்வாறு நடக்கிறது என்பதையே அவர் முதலில் கற்க வேண்டியிருந்தது. கல்கத்தாவின் பிரம்ம சமாஜத்தாரும் ஹிந்துக்களும் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடத்தும் முறையைக் கண்டறிந்தார். பிறகு முஸ்லிம் வீடுகளின் படியேறினார். புர்கா அணிந்து, வீடு வீடாகச் சென்று, தாய்மாரிடமும் தந்தையரிடமும் பேசினார். மகளை அனுப்புங்கள், கட்டணம் வேண்டாம், வண்டியும் நானே அனுப்புகிறேன் என்று இறைஞ்சினார். பள்ளிப் பணம் போட்டிருந்த வங்கி நொடித்துப் போயிற்று. அதன் பின்னும் பள்ளியை மூடவில்லை.

அந்த வண்டியைப் பற்றிய செய்தி ஒன்றை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். மாணவியரை அழைத்து வருவதற்கு ஒரு மோட்டார் பஸ் ஏற்பாடாயிற்று. பெற்றோரின் மனநிலையை அறிந்து, அதன் நாற்புறமும் தகரம் அடித்து மூடப்பட்டது. காற்றுக்கென மேற்பகுதியில் சிறிது கம்பி வலை மட்டும் விடப்பட்டது. முதல் நாளே உள்ளிருந்த சிறுமியர் வெப்பம் தாங்காமல் வாந்தி எடுத்தனர். சிலர் மயங்கி விழுந்தனர். இருட்டில் அஞ்சி அழுதனர். உடனே தகரத்தின் ஒரு பகுதியை அகற்றித் துணித்திரை கட்டச் செய்தார். மறுபடியும் கடிதங்கள் வந்தன. இம்முறை எழுதியோர் மார்க்கப் பற்றுள்ளோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர்கள். பஸ் ஓடும்போது காற்றில் திரை அசைகிறது, பர்தா குலைகிறது, நாளைக்குள் வேறு ஏற்பாடு செய்யாவிடில் உர்தூப் பத்திரிகைகளில் எழுதி இழிவுபடுத்துவோம் என்று மிரட்டினர். தகரத்தை வைத்தால் பிள்ளை மயங்குகிறாள். திரையைக் கட்டினால் சமுதாயம் மயங்குகிறது. பள்ளியை நடத்துவோர் இரண்டுக்கும் நடுவே என்ன செய்வர்? கடிதம் எழுதியோருள் ஒருவரேனும் மயங்கி விழுந்த சிறுமியரின் உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக அம்மையாரின் குறிப்பில் இல்லை.

இத்தனைக்கும் அவர் பர்தாவை எதிர்த்தவர் அல்லர். புர்காவைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதி, தக்க அளவில் உடலை மறைத்துக்கொண்டு வெளியே செல்வது முன்னேற்றத்திற்குத் தடையன்று என்று வாதிட்டவர். தாமும் அவ்வாறே வாழ்ந்தவர். மறைப்பது வேறு, அடைப்பது வேறு என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. அடைத்து வைப்பதால் விளைந்த கேடுகளை 47 குறிப்புகளாகத் தொகுத்து 1931இல் 'அவரோத்பாசினி' என்னும் நூலை வெளியிட்டார். கோஷாவில் அடைபட்டவள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதில் வரும் இரண்டு நிகழ்ச்சிகள் நெஞ்சை விட்டு அகல்வன அல்ல. வீடு தீப்பற்றி எரியும்போது, நகைகளை எடுத்துக்கொண்டு வாயில்வரை வந்த ஒரு பெண், வெளியே அன்னிய ஆடவர் தீயணைக்க நிற்பதைக் கண்டு, திரும்பவும் உள்ளே சென்று கட்டிலுக்கடியில் பதுங்கி, அங்கேயே எரிந்து போனாள். மற்றொருவர் அம்மையாரின் கணவருக்கு மாமி முறையினர். கியூல் சந்திப்பில் ரயில் மாறும்போது, புர்கா காலில் சிக்கி, ரயிலுக்கும் மேடைக்கும் இடையே வீழ்ந்தார். தூக்கிவிட ஓடி வந்த நிலையப் பணியாளர்களை, அன்னிய ஆண்கள் தொடக்கூடாது என்று வேலைக்காரப் பெண் தடுத்துவிட்டாள். அவளால் தனியே தூக்கவும் முடியவில்லை. அரைமணி நேரம் காத்திருந்த ரயில் புறப்பட்டது. உயிருக்கு ஆபத்து நேர்கையில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அந்த ஒரு விதியை அப்பெண்களுக்கு யாரேனும் ஓதிக் கொடுத்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பர்.

ஆகவேதான் அவருடைய பள்ளியில் குர்ஆன் பொருளுடன் கற்பிக்கப்பட்டது. அத்துடன் உர்தூ, ஆங்கிலம், ஃபார்ஸி, வங்காளம், தையல், சமையல், நோயாளியைப் பேணும் முறை, உடற்பயிற்சி ஆகியனவும் இருந்தன. 1911இல் எட்டாக இருந்த மாணவியர் எண்ணிக்கை 1915இல் 84 ஆயிற்று. 1930ஆம் ஆண்டுக்குள் அது பத்து வகுப்புகள் கொண்ட உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்துவிட்டது. வங்காள எழுத்தாளராகிய அவருடைய பள்ளியிலேயே வங்காள வகுப்புக்குப் போதிய மாணவியர் சேரவில்லை. கல்கத்தாவின் உயர்குடி முஸ்லிம்கள் உர்தூவையே விரும்பினர். இதில் அவர் தோல்வியுற்றார் என்பதே உண்மை.

1916இல் 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்னும் முஸ்லிம் பெண்கள் சங்கத்தை அமைத்தார். ஏழை விதவைகளுக்குப் பொருளுதவி, வறிய பெண்களின் திருமணம், சேரிகளில் எழுத்தறிவு ஆகியவை அதன் பணிகள். கூட்டம் என்னும் சொல்லே அந்தப்புரங்களில் புதிதாக இருந்த காலம் அது. மிகவும் வற்புறுத்தி அழைத்து வரப்பட்ட ஒரு மாது, எல்லாம் முடிந்து யாவரும் எழுந்தபோது, கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து வந்தீர்களே, அந்தக் கூட்டம் எங்கே என்று கேட்டாராம். அம்மையாரின் வரலாற்றை எழுதியவர்கள் இதனைப் பதிந்துள்ளனர். சிரிப்புக்குரிய செய்திதான், ஆயினும் அந்த மாதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி, பலர் தவிர்த்துவிடும் ஒரு செய்தியையும் கூறாமல் விடலாகாது. தம் இளமையில், 1904ஆம் ஆண்டளவில், அவர் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், சமய நூல்கள் யாவும் ஆண்களால் ஆக்கப்பட்டுப் பெண்களை அடக்கப் பயன்பட்டன என்னும் கருத்துப்பட சில பத்திகள் இருந்தன. பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்கட்டுரையை நூலில் சேர்த்தபோது அப்பத்திகளை அவர் விட்டுவிட்டார். வேதம் இறைவனின் அருள்வாக்கு என்னும் ஈமானுடைய நாம் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. ஆனால் அவ்வரிகளை மட்டுமே காட்டி அவரைத் தள்ளிவிடுவோரும், அவ்வரிகளை மட்டுமே காட்டி அவரைத் தங்கள் கட்சிக்கு இழுத்துக்கொள்வோரும் அவர் அதன் பின் வாழ்ந்த இருபத்தெட்டு ஆண்டுகளை மறைக்கின்றனர். 1926இல் வங்காளப் பெண் கல்வி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோதும், 1927இல் கல்கத்தாவின் ஆங்கில ஏடான 'தி முஸல்மான்' பத்திரிகையில் (இது சென்னையின் உர்தூ நாளேடு அன்று) எழுதியபோதும், அவருடைய வழக்கு ஒன்றே: மார்க்கம் எங்களுக்குத் தந்ததைத் திருப்பித் தாருங்கள். அந்த ஏட்டில் வந்த கட்டுரைக்கு, இறைவன் தருகிறான், மனிதன் பறிக்கிறான் என்பதே தலைப்பு. கல்வியை ஆண், பெண் இருபாலார் மீதும் கடமையாக்கிய மார்க்கத்தில் மகளின் பங்கைப் பறித்தவர் யார் என்று அதில் கேட்டார்.

அக்கால உலமாக்கள் அனைவரும் எதிர்த்தனர் என்றும் எண்ண வேண்டாம். அதே ஆண்டுகளில்தான் வடநாட்டில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், பெண்கள் தாமே படித்து மார்க்கம் அறிய வேண்டும் என்று கருதி 'பஹிஷ்தீ ஸேவர்' நூலை எழுதினார்கள். இருவருடைய பாதைகளும் வெவ்வேறு. ருகையா அம்மையார் விரும்பிய பள்ளிக் கல்வியை மௌலானா ஏற்றிருக்க மாட்டார்கள். ஆயினும் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு மார்க்கமும் இல்லை, உரிமையும் இல்லை என்பதை இருவருமே கண்டிருந்தனர்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இரவு வெகுநேரம்வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் அதிகாலையில், தாம் பிறந்த அதே டிசம்பர் 9ஆம் தேதியில், 52 வயது நிறைந்த நிலையில் கல்கத்தாவில் உயிர் நீத்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மேசை மீது பெண்ணின் உரிமை என்னும் தலைப்பில் முற்றுப்பெறாத கட்டுரை கிடந்தது. வடவங்காளத்து ஊர்ப்புறங்களில் ஆண்கள் மனம்போன போக்கில் தலாக் கூறிவிடுவதையும், மனைவியின் கருத்துக்கு அங்கே இடமே இல்லாதிருப்பதையும் பற்றியது அக்கட்டுரை.

அக்கட்டுரை நின்ற இடத்தில் ஒரு கடுமையான சிக்கல் இருந்தது. கணவன் காணாமல் போனாலோ, செலவுக்குக் கொடுக்காமல் கைவிட்டாலோ, ஹனஃபி சட்டத்தின்படி மனைவி விடுதலை பெறுவது மிக அரிது. அதிகாரமுள்ள காஜிகளும் ஆங்கிலேயர் ஆட்சியில் இல்லை. வேறு வழியறியாத சில பெண்கள், மணத்தை முறிப்பதற்காகவே மதத்தைத் துறந்ததாக நீதிமன்றத்தில் கூறும் அவலமும் நேர்ந்தது. இது உலமாக்களை உலுக்கிற்று. மௌலானா தானவி அவர்களே 1930களின் தொடக்கத்தில் மாலிக்கி மத்ஹபின் சட்டங்களை எடுத்தாளலாம் என நூல் எழுதி வழிகாட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே, 1937இல் ஷரீஅத் சட்டம் நிறைவேறி, பஞ்சாப் முதலிய பகுதிகளில் ஊர் வழக்கத்தின் பெயரால் மகளுக்குப் பங்கு மறுக்கப்பட்ட நிலையை மாற்றிற்று. அதிலும் விவசாய நிலம் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. நமது சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே வயலும் தோப்பும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. இவற்றுள் ஒன்றையும் காணும் வரை அம்மையார் உயிருடன் இல்லை.

கல்கத்தாவில் ஸகாவத் நினைவுப் பள்ளி இன்று அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாக நடந்து வருகிறது. டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவியர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கப்ரு கல்கத்தாவை அடுத்த சோதேப்பூரில், பானிஹாட்டியில் உள்ளது. காலப்போக்கில் அதன் அடையாளம் மறைந்து, நெடுநாள் கழித்து மீண்டும் கண்டறியப்பட்டது. அவ்விடம் இப்போது ஒரு பெண்கள் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.